பேப்பர் வெயிட்டாக இருந்த லென்ஸ்

ஜூன் 11, புதன்

எட்டு மணிக்கே சுள்ளென்று வெயில். இன்றைய வேலை: புஸ்வாணம் 14, தரைச்சக்கரம் 9. எல்லாப் படத்துக்கும் கம்ப்யூட்டரில் பின்னணி வெட்ட வேண்டும். பாதிதான் முடிந்தது.

காரணம், கூரியர். நான் ஆர்டர் போட்ட அடாப்டர் வளையம் வந்துவிட்டது! வளையல் மாதிரி இருக்கிறது. ஒரு பக்கம் ஸ்டுடியோவின் டிஜிட்டல் கேமராவில் மாட்டும். மறுபக்கம் பழைய லென்ஸின் மரை ஏறும்.

பழைய லென்ஸ் ஸ்டுடியோவில் பிலிம் போட்டு எடுத்த காலத்தது. ஐம்பது எம்.எம். இத்தனை நாளும், லேபிள் டிசைன் போடும் ஜெயா அக்கா மேஜையில் பேப்பர் வெயிட். ஃபேன் காற்றில் லேபிள் புரூஃப் பறக்காமல் இருக்க.

ஓனர் குமரேசன் அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அதுல ஆட்டோ போக்கஸ் கெடையாது புள்ள. கையாலயே திருகிக்கிட்டு கெடக்கணும்."

திருகுகிறேன் என்று சொல்ல நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

மாட்டினேன். கடைசிவரை திருகி இறுக்கியதும் லென்ஸில் பொறித்த எண்கள் எல்லாம் அடிப்பக்கம் போய்விட்டன. குனிந்து படிக்க வேண்டும். பரவாயில்லை. பட்டனை அழுத்தினேன். கிளிக் இல்லை. திரையில் 'லென்ஸ் இல்லை' என்று வருகிறது. கையில் இருக்கிறதே! கேமராவைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். மதியம் சோற்று டப்பாவைக்கூடத் திறக்காமல் மெனுவைத் துழாவினேன்.

மூன்று மணிக்கு மெனுவில் கண்டுபிடித்தேன். லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு என்று ஒரு வரி. அதை ஆன் செய்தேன். கிளிக்.

இந்த லென்ஸுக்குள் கரன்ட் எதுவும் கிடையாது. அதனால் அது மாட்டியிருப்பதே கேமராவுக்குத் தெரியாது. எட்டாவதில் நான் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே ஆப்சென்ட் போட்ட டீச்சர் ஞாபகம் வந்தது.

ஜூன் 12, வியாழன்

மேகம். மழை இல்லை. சாத்தூர் பக்கம் பெய்ததாம்.

பட்டாசுக் கம்பெனி மேனேஜர் வந்தார். இந்த சீசனுக்கான விலைப்பட்டியல் அட்டைக்குப் படம். ஃபேன் அடியில் உட்கார்ந்து கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"பத்து வருசமா ஒரே அட்ட. சரவெடிய வெட்டி வச்சு, பின்னாடி பூ வெடிக்கிற மாதிரி. ஊருல அம்புட்டுக் கம்பெனியும் அதான். நமக்கு சினிமாவுல வர்றாப்புல வேணும். ஒரு வெடி மட்டும் பளிச்சுன்னு, மத்ததெல்லாம் கரைஞ்சு போயிரணும்."

அண்ணன்: "அதுக்கு வேற லென்ஸு வேணும் சார். மதுரைல ஆள் இருக்காரு. திங்கக்கிழம வரச் சொல்றேன்."

நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். மற்றதையெல்லாம் கரைக்கிற லென்ஸ் என் மடியில் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை. அவர் போன பிறகு ஜெயா அக்காவிடம் சொன்னேன். அக்கா அண்ணனிடம் சொன்னாள். நாலடி தூரத்துக்கு ஒரு தூது.

அண்ணன் யோசித்தார். "சரி. திங்கக்கிழம காலைல பத்து மணிக்குள்ள காட்டு. இல்லேன்னா மதுரைக்காரரு எடுக்கட்டும்."

மூன்று நாள். இரண்டு வருடமாக மற்றவர்கள் எடுத்த படத்துக்குப் பின்னணி வெட்டுகிறேன். இது தப்பினால் வாழ்க்கை முழுக்க அதுதான்.

ஜூன் 13, வெள்ளி

தோல்வி.

கம்பெனியில் கொடுத்த டம்மி சரம். உள்ளே மருந்து இல்லை, திரிக்குப் பதில் வெறும் நூல். சிவப்புக் காகிதம் அசல்தான். ஜன்னலோரம் வைத்து எடுத்தேன். 140 படம். 140-ம் மங்கல்.

போக்கஸ் சரியான இடத்தில் ஓரங்கள் கலரில் மின்னுவதுபோல் கேமராவில் ஒரு வசதி. கையால் திருகுபவர்களுக்கு அதுதான் வழிகாட்டி. அது மின்னவே இல்லை. வளையத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருகினேன். ஒன்றும் தெரியவில்லை.

ஜெயா அக்கா: "எத்தன வருசம் எம்மேசைல டீ குடிச்சிருக்கு அது. கண்ணாடி போயிருக்கும்டி."

அண்ணன் ஒன்றும் திட்டவில்லை. "சக்கரம் ஒம்பது பாக்கி இருக்கு தாயி" என்றார். அதுதான் வலித்தது.

ராத்திரி அம்மா கேட்டது. "என்ன, மூஞ்சி செத்துக் கெடக்கு?" ஒன்றுமில்லை என்றேன்.

ஜூன் 14, சனி

எழுதக் கை ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம். வரிசையாக எழுதுகிறேன்.

காலை: கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றி வைக்கப் போனேன். மேஜையில் அணுகுண்டு வெடியின் டம்மி ஒன்று கிடந்தது. பச்சைச் சணல் சுற்றியது. சும்மா கேமரா வழியே பார்த்தேன். சணல் முழுக்கச் சிவப்பாக மின்னுகிறது. நூல் நூலாக!

லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. மின்னுகிற கலர் சிவப்பு. சரவெடியும் சிவப்பு. சிவப்பின்மேல் சிவப்பு மின்னினால் எந்தக் கண்ணுக்குத் தெரியும்? வேறு ஊரில் இருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. இங்கே மேஜையில் எதை வைத்தாலும் சிவப்பு.

மெனுவில் கலரை மஞ்சளாக மாற்றினேன். சரத்தில் மூன்றாவது வெடி மட்டும் மஞ்சள் கோடு போட்டு எழுந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜெயா அக்கா பார்க்கும்முன் துடைத்துக்கொண்டேன்.

படம் கூர்மை. ஆனால் நன்றாக இல்லை. சரம் செத்த பாம்பு மாதிரி கிடக்கிறது.

சாயங்காலம் அண்ணனிடம் நானே போய்க் கேட்டேன். கேமராவையும் டம்மி சரத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று. தூது இல்லாமல். "கீழ போட்டேன்னா எம்பொண்டாட்டி என்னைய வீட்டுக்குள்ள விட மாட்டா" என்று கொடுத்தார்.

ஜூன் 15, ஞாயிறு

அம்மாவுக்கு லீவு. நாரணாபுரம் பக்கம் கம்பெனியில் சரம் பின்னுகிற வேலை. ஏழு மணிக்கு வேன் ஏறாத ஒரே நாள்.

டம்மியைப் பார்த்ததும் அம்மா: "யாரு பின்னுன சரம் இது? போர்மேன்கிட்ட இதக் கொண்டுபோனா மூஞ்சிலயே வீசுவாரு."

பிரித்தது. மடியில் போட்டுப் பின்ன ஆரம்பித்தது. விரல் போகிற வேகம்! ஒவ்வொரு வெடியும் அடுத்ததன் தோளில் சாய்ந்து நிமிர்ந்தது. நான் தேடியது அதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

வாசலுக்கு வரச் சொன்னேன். சாய்ந்த வெயில், எதிர்வீட்டுப் பச்சைக் கதவு பின்னால்.

"இரு, சேலைய மாத்திட்டு வாரேன்."

"ஒம் மூஞ்சி விழாதும்மா. வெரலுதான்."

"அப்ப என்ன மசுருக்கு என்னைய வெயில்ல உக்கார வச்சிருக்க?"

பின்னணி கரைவதற்காக, லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை முழுக்கத் திறந்துவிட்டேன். அப்போது கூர்மை ஒரு விரல்கடை ஆழம்கூட இல்லை. வளையத்தைத் திருகித் திருகி மாளவில்லை. பிறகு ஒரு வழி பிடிபட்டது. வளையத்தை ஒரே இடத்தில் விட்டுவிட்டு, மூச்சைப் பிடித்து உடம்பை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். மஞ்சள் கோடு வெடிமேல் வந்து நிற்கிற நொடி, கிளிக்.

"என்ன புள்ள, சாமி வந்தவ கணக்கா ஆடுற?" எதிர்வீட்டுக்காரர் கேட்டார். மற்ற நாளாக இருந்தால் உள்ளே ஓடியிருப்பேன். காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

63-வது படம். ஒரு வெடி, அதைப் பிடித்த கட்டைவிரல், நகத்தில் சிவப்புச் சாயம். மற்றதெல்லாம் கரைந்துவிட்டது. பச்சைக் கதவு பச்சைப் புகை மாதிரி.

அம்மா திரையை ரொம்ப நேரம் பார்த்தது. "என் வெரலு இம்புட்டு அழகாவா இருக்கு?" என்றது. பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டது.

ஜூன் 16, திங்கள்

ஒன்பதே காலுக்குக் காட்டினேன். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"நல்லாருக்கு புள்ள. வெரல எடுத்துரு. வெடிய மட்டும் வெட்டி, பின்னாடி ஒரு பூவ வெடிக்க விடு."

கை பழக்கத்தில் மவுஸைப் பிடித்துவிட்டது. வெட்டுவது எனக்கு இரண்டு நிமிட வேலை. ஓரத்தில் முதல் புள்ளி வைக்கப் போனேன். வைக்க இடமில்லை. அந்தப் படத்தில் வெடி எங்கே முடிகிறது, கரைவது எங்கே தொடங்குகிறது என்று கோடே கிடையாது.

"வெட்ட மாட்டேண்ணே."

ஜெயா அக்காவின் நாற்காலி கிறீச்சென்று திரும்பியது.

"என்னது?"

"வெட்டுனா பழைய அட்ட மாதிரிதான் ஆகும். அவுக கேட்டது இதத்தான். வெட்டாம அனுப்புங்க. வேணாம்னா அவுக சொல்லட்டும்." மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அண்ணன் போனில் மேனேஜருக்கு அப்படியே அனுப்பினார். பத்து நிமிடம். ஜெயா அக்கா நகம் கடித்தாள், எனக்காக.

போன் வந்தது. ஸ்பீக்கரில் மேனேஜர்: "குமரேசா, இது நம்ம சரமாய்யா? மதுரைக்காரரு வந்துட்டாரா அதுக்குள்ள?"

"இல்ல சார். நம்ம கடைப் புள்ள எடுத்தது."

"எந்தப் புள்ள? அந்தப் பேசாத புள்ளயா?" அவரே தொடர்ந்தார்: "மதுரைக்காரர வர வேண்டாம்னு சொல்லிரு. வெரலு இருக்கட்டும். அதுதான் படமே."

மதியம் மூன்று பேருக்கும் பரோட்டா வாங்கி வந்தார் அண்ணன்.

ஜூன் 19, வியாழன்

அனல் காற்று. விஸ்வநத்தம் ரோட்டு அச்சகத்தில் அட்டை மிஷின் ஏறுகிறது. கலர் பார்க்க அண்ணன் போக வேண்டியது. "எடுத்தவ நீ போய்ப் பாரு" என்று என்னை அனுப்பிவிட்டார்.

மிஷின் சத்தத்தில் தரையே அதிர்கிறது. மிஷின்மேன் முதல் தாளை இழுத்து விளக்கடியில் விரித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஏம்மா, பின்னாடி பூரா மங்கலா இருக்கே? பைல் தப்பா வந்துருச்சா? நிறுத்தவா?"

பூதக்கண்ணாடியை வாங்கி வெடியின்மேல் வைத்தேன். காகித மடிப்பு தெரிந்தது. நகத்துச் சாயம் சரியான சிவப்பு.

"நிறுத்தாதீக. அது அப்பிடித்தான்."

"யாரு சொன்னது?"

"நான். நாந்தான் எடுத்தேன்."

கத்தித்தான் சொன்னேன். அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்க வேண்டுமே. ஹால் கடைசியில் தாள் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் இன்னொரு தடவை தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மிஷின் வேகத்தைக் கூட்டுகிற பட்டனை அழுத்தினார்.