மெஹராஜுக்கு ஒரு துண்டு செடார்

ஆகஸ்ட் 3, 2025
மெஹராஜ் லண்டன் போய் இன்றோடு மூன்று மாதம் பத்து நாள். மகன் தௌசீப் வீட்டில் பிள்ளைப்பேறு பார்த்துவிட்டு மூன்றே மாதத்தில் வருகிறேன் என்றவள். எனக்கென்ன குறை? நேற்று நான் வைத்த குழம்புக்குத் தாராவியே மூக்கை நீட்டியது. தீய்ந்ததால் என்பது வேறு விஷயம்.

போனில் சொன்னாள்: "காலையில ரொட்டியும் சீஸும்தாங்க. நாக்கு பழகிட்டு."

இட்லி இல்லாமல் பொழுது விடியாதவள்!

ஆகஸ்ட் 9
தௌசீப் பேசினான். உம்மாவை அங்கேயே வைத்துக்கொள்ள வக்கீலைப் பார்த்திருக்கிறானாம். செப்டம்பரில் மூன்று வாரம் இங்கே வந்து, காகிதங்களை முடித்துக்கொண்டு 28ஆம் தேதி திரும்புவாளாம். நானும் பிறகு வந்துவிடலாமாம். நல்லது என்றேன். லண்டனில் தோல் பட்டறை போட எத்தனையோ பேர் என்னைக் கெஞ்சுகிறார்கள் என்றும் சொன்னேன். ஒருத்தனும் கெஞ்சவில்லை.

அவ என்ன சொல்லுதான்னு நான் கேக்கலியே. ஏன் கேக்கல?

ஆகஸ்ட் 30
மாதுங்காவில் செடார் சீஸ் ஒரு கட்டி வாங்கினேன். அவளுக்கு வேண்டியது அதுதானே, இங்கே கிடைக்காதா? முப்பத்தைந்து வருடம் ஆட்டுத்தோல் தேர்ந்த கட்டைவிரல் இது. ஓரம் வெடிக்காத, மேலே வேர்க்காத துண்டாக அழுத்திப் பார்த்தேன். "தபாவோ மத், சாச்சா", அழுத்தாதீர்கள் என்று கடைக்காரர் பதறினார். சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளியும் பார்த்துக்கொண்டேன். கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கிற உறை சேர்ந்திருந்தால் நமக்கு ஆகாது.

பட்டர் பேப்பரில் சுற்றி, மூடி போட்ட டப்பாவில், பிரிட்ஜின் காய்கறிப் பெட்டியில் வைக்கச் சொன்னார். பிரீசரில் வைத்தால் உதிர்ந்துவிடுமாம். பேப்பர் சரி. மூடி எதற்கு? மழைக்காலத்தில் தோலைக் காற்றுப் படாமல் மூடினால் பூஞ்சை பூக்கும். எனக்கா பாடம்? டப்பாவே வேண்டாம் என்று பேப்பரோடு வைத்தேன்.

செப்டம்பர் 2
பட்டறையில் தோல் வெட்டும் பேச்சிராஜா கேட்டான்: "பாய், மதினிக்குச் சேலை எடுக்காம கட்டியையா வாங்கி வச்சிருக்கீரு?"

சேலையைப் பெட்டியில் மடித்துக்கொண்டு போய்விடலாம். இது இங்கேதான் இருக்கும். அவனிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 6
ஓரத்தில் துளி வெட்டித் தின்று பார்த்தேன். நெத்திலி!

போகும்போது அவள் காகிதத்தில் பொதிந்து, நூலால் கட்டிவைத்த நெத்திலிக் கருவாடு, அதே காய்கறிப் பெட்டியில், பக்கத்திலேயே. வாசம் முழுக்க சீஸ் குடித்துவிட்டது. நாலு மாசமா அந்தப் பொட்டலத்தை நான் பிரிக்கவே இல்ல. ஏன்னா என்னத்தச் சொல்ல — அவ போட்ட முடிச்சு.

இன்று பிள்ளையார் கரைப்பு. ரோடெல்லாம் அடைப்பு, கடையும் இல்லை. நாளைக் காலையில் அவள் விமானம் இறங்குகிறது.

செப்டம்பர் 7
வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள்.

செப்டம்பர் 8
வேறு வழியில்லாமல் ரொட்டியோடு அதையே வைத்தேன். கடித்தவள் நிறுத்தினாள்.

"இத எங்க வச்சிருந்தீய?"

வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன், இந்தப் பக்குவம் லண்டனில் எவனுக்கும் தெரியாது என்றேன்.

"பண்ணுவீய" என்றாள். இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டாள். மெல்ல மென்றாள். "அங்க சன்னலையே தொறக்க மாட்டாக. வீட்டுல எதுக்குமே ஒரு வாசம் கிடையாது."

பிறகு எழுந்துபோய்க் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள். மத்தியானம் குழம்பு.

செப்டம்பர் 21
தௌசீபோடு ஒரு மணி நேரம் பேசினாள். நான் வாசலில் நின்றேன், காது கேட்காதவன்போல.

உள்ளே கூப்பிட்டு, லண்டன் பெட்டியைப் பரணில் ஏற்றச் சொன்னாள்.

காலிப் பெட்டிதான். நாற்பது கிலோ, ஒற்றைக் கையால் தூக்கினேன் என்று பேச்சிராஜாவிடம் சொல்லியிருக்கிறேன்.