பாக்கலாம்மா

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் சுகம். என் முதுகுவலியும் சுகமாகவே இருக்கிறது. அடுத்த மாதம் வருவதாக நீங்கள் சொன்னதிலிருந்து தையல் கடையில் எனக்குக் கை ஓடவில்லை. உங்கள் அறைக்கு வெள்ளையடித்தாயிற்று.

மகள்தான் எனக்குப் பிடிபடவில்லை. எதைக் கேட்டாலும் "பாக்கலாம்மா" என்கிறாள். சாப்பிட வருகிறாயா என்றாலும் பார்க்கலாம், அத்தை வீட்டுக்குப் போவோமா என்றாலும் பார்க்கலாம். கடையில் பட்டன் தைக்கும் பெண்களும் அப்படித்தான். நாளைக்கு முடியுமா என்றால் "ட்ரை பண்றேன்க்கா" என்கிறார்கள். கையில் பட்டன், ஊசியில் நூல், இதில் ட்ரை பண்ண என்ன இருக்கிறது? இந்தப் பிள்ளைகள் வாயிலிருந்து ஒரு "சரி"யை வாங்குவதற்குள் நமக்கு நாக்குத் தள்ளிவிடுகிறது.

நீங்கள் வரும் நாளுக்கு ஆபீஸில் லீவு சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். அதற்கும் பார்க்கலாம்! எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. யாரோ ஒரு பையன் இருக்கிறான், அதுதான் அப்பா வருவது கசக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். அவள் போன் பேசும்போது கதவோரம் நின்றேன். அவளோடு வேலை பார்க்கும் தோழியைக் கடைக்கு வரவழைத்து, அளவெடுக்கிற சாக்கில் துருவினேன். "பையனும் இல்ல, ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. அப்பா வர்றாருன்னு ரெண்டு தடவ லீவு போட்டா, அவர் வரல. இப்ப மறுபடி கேட்டா ஆபீஸ்ல சிரிப்பாங்கன்னு கூச்சப்படுறா" என்றாள்.

அந்த இரண்டு முறையும் விமான நிலையத்தில் அவளோடு நானும்தான் நின்றேன். ஆபீஸில் சிரிப்பார்கள் என்று அவள் கூசுவது மட்டும் எனக்குத் தெரியாது.

மகளிடமே கேட்டேன். கோபப்படவில்லை. "அப்பா வந்தா சந்தோஷம்மா. வர்றேன்னு சொல்லிட்டு வராம இருக்குறதுதான் கஷ்டம். அதான் நான் யாருக்கும் எதுவும் உறுதியா சொல்றதில்ல" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து என் சந்தேகம் இடம் மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போனில் டிக்கெட் எடுத்தாயிற்றா என்று கேட்டேன். நீங்களும் பார்க்கலாம் என்றீர்கள். அவளுக்காவது காரணம் இருக்கிறது. உங்களுக்கு என்ன? உங்களை அங்கே பிடித்து வைத்திருப்பது வேலை மட்டும்தானா என்று நான் இதுவரை கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வருவதாக இருந்தால் அவளிடம் தேதி சொல்லாதீர்கள், நேரே வந்து கதவைத் தட்டுங்கள். வரமாட்டீர்கள் என்றால் என்னிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். அவளுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அன்பில் குறை வைக்காத
உங்கள் மனைவி