தானாகத் திறக்காத கதவு

மார்ச் 3
சிறையிலிருந்து வெளியே வந்து எட்டாவது நாள். இந்த மறுவாழ்வு இல்லத்தில் முப்பது நாள்தான் இடம். அதற்குள் வாடகைக்கு அறை கிடைக்காவிட்டால் பொதுக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். நாற்பது கட்டில், ஒரே விளக்கு. போக மாட்டேன். கூட்டத்தோடு தூங்கியது போதும். மனு எழுதுவேன். உள்ளே நானாகவே எழுத்துக் கூட்டிப் படித்து நாற்பத்தாறு மனு எழுதியவள் நான். பதினாறு வருடம் சரி, செய்தது செய்ததுதான். ஆனால் என் விடுதலைக் கோப்பைத் தொலைத்துவிட்டு மேற்கொண்டு பதினான்கு மாதம் வைத்திருந்தார்களே? அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

மார்ச் 4
காலை ஆறு மணிக்கு நானும், பக்கத்துக் கட்டில் பீரங்கியும் (குறட்டையால் வந்த பெயர்), இன்னும் இரண்டு பேரும் நடைவழியில் வரிசையாகப் போய் நின்றுவிட்டோம். சிறையில்போலத் தலையெண்ண யாரும் வரவில்லை.
"யாருக்காகக்கா நிக்கிறோம்?" என்றாள் பீரங்கி.
சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது.

மார்ச் 11
மூன்றாவது வீடும் கைவிட்டுப் போனது. வீடு தேடித்தரும் அலுவலர் பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள்.
"பெரியம்மா, இத்தனை நாளும் மகன் வீட்ல இருந்தேன்னு சொல்லிடுங்களேன்."
"எனக்கு மகனே கிடையாதே."
"ஒரு பேச்சுக்குத்தான்."
"பேச்சுக்குக்கூட அவனைப் பெத்துக்க மாட்டேன். ஜெயில்ல இருந்தேன். அதைத்தான் சொல்வேன்."

மார்ச் 19
இன்னும் ஆறு நாள்.

மார்ச் 20
எழுதும்போதே சிரிப்பு வருகிறது!
தையல்கடை மாடியில் ஓர் அறை. அலுவலருக்கு வேறு வேலை, தனியாகப் போனேன். கடைக் கதவு சாத்தியிருந்தது. முன்னால் நின்றேன். கதவு என்றால் நிற்க வேண்டும், யாராவது வந்து திறப்பார்கள் — எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். வெளியே வந்த பிறகும் பீரங்கியோ அலுவலரோ முன்னால் போய்விடுவார்கள். நாற்பது நிமிடம்! கடைசியில் தையல்காரம்மாவே எட்டிப் பார்த்தாள்.
"என்னங்க, அப்போ புடிச்சு நிக்கிறீங்க? சும்மா சாத்தித்தானே இருக்கு, தள்ளிட்டு வர்றதுதானே?"
"கதவைத் திறந்து பழக்கமில்லைம்மா. ஜெயில்ல இருந்தேன்."
வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்தாள். மேலும் கீழும் பார்த்தாள். போச்சு, நாலாவது வீடும் போச்சு என்று நினைத்தேன்.
"முன்னாடி குடியிருந்த ஆளு கேக்காமக் கொள்ளாம என் அடுப்படி வரைக்கும் வந்துடுவான். சாத்தின கதவைத் தொடாத ஆளு கெடைச்சா போதும்னு இருந்தேன்" என்று சாவியை நீட்டினாள்.
விடுவேனா? "எத்தனை வருஷம்னும் கேட்டுக்கோங்க. பதினாறுதான் கணக்கு. கோப்பைத் தொலைச்சுட்டு—"
"அம்மா தாயே, குடி வாங்க. சாவகாசமா மேல வந்து கேக்குறேன்."

மார்ச் 21
குடிவந்துவிட்டேன். என் கதவைப் பதினோரு முறை திறந்து மூடினேன். "கீல் கழண்டுடப் போகுது!" என்று கீழேயிருந்து சத்தம். மனுவாக எழுதிக் கொடுக்கட்டும்.

மார்ச் 24
விடிந்தது தெரியாமல் தூங்கியிருக்கிறேன். எட்டு மணிக்குக் கதவு தட்டும் ஓசை. தையல்காரம்மா, கோப்புக் கதை கேட்க வந்திருக்கிறாள். எழுந்திருக்கவே இல்லை நான். படுத்தபடியே குரல் கொடுத்தேன்:
"சும்மா சாத்தித்தான் இருக்கு. தள்ளிட்டு வாங்க."