கூரவத்துத் துறையில் கட்டிய கயிறு

கடலும் அறமும் காவலாய் நிற்கும் வேங்கைவள நாட்டு மன்னரின் திருமுடி தழைக்க. அம்மன்னருக்கு இளவலும், ஔமாரக் கரைக்குத் தூது சென்று மீண்டவருமாகிய நன்னிவேள், முத்தாற்றுப் பட்டினத்துத் துறைநாயகர் அதியூரன் சாத்தனாருக்கு விடுக்கும் ஓலை. உம் துறையும் உம் மனையும் குறைவின்றி விளங்குக.

ஔமாரக் கரையில் நாம் முதலில் இறங்கியது கூரவம் என்னும் சிற்றூர். சுற்றிலும் பாறை, கப்பல் கட்ட ஒரே ஒரு கல்தூண். கடல் நம் குடலைப் புரட்டிப் போட்டிருந்தது. அவ்வூர்த் தலைவி யமேலி அம்மையார் தினைக்கஞ்சியைத் தம் கையாலேயே ஆற்றிக் கொடுத்து, தூதருக்கும் வயிறு என்று ஒன்று உண்டோ எனக் கேலியும் செய்தார். பெற்ற தாய்க்குப் பின் நம்மை அப்படிக் கேலி செய்தவர் இல்லை.

புறப்படுகையில், நம் வழக்கப்படி, போய் வருகிறேன் என்றோம். துபாசி அதை அப்படியே அவர்கள் மொழியில் சொன்னான். உடனே ஊரார் அக்கல்தூணில் சிவப்புக் கயிறு கட்டினர். நமக்கு மரியாதை செய்கிறார்கள் என்று பூரித்துப் போனோம். என்ன அறியாமை! பின் பவளக்கல் வீடுகள் நிறைந்த தாசுவத்திலும், குதிரைச் சந்தைக்குப் பேர்போன பெலூரியிலும் அதையே சொன்னோம். அங்கும் கயிறு கட்டினர். அவை பெருந்துறைகள், ஒரு தூண் போனால் கேடில்லை.

பெலூரியில் இருக்கையில் தானியக் கப்பலின் தலைவன் ஒருவன் நம்மைத் தேடி வந்து, வாயில் வந்தபடி ஏசினான். கூரவத்துக்குத் தான் கொண்டுபோன அரிசியை இறக்க விடவில்லை என்றும், வேங்கைவள நாட்டார் வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார், அவர் வரும்வரை தூண் அவருடையது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றும் சொன்னான். அக்கரையில் வருகிறேன் என்பது சத்தியம். திரும்பி வர எண்ணமில்லாதவர் முடிந்தது என்று சொல்லிப் போவார். பின் அவ்வூரில் கால் வைக்க மாட்டார்.

அவனையும் அழைத்துக்கொண்டு கூரவத்துக்குத் திரும்பினோம். அம்மையார் மெலிந்திருந்தார். முகம் மலர்ந்து, சொன்னபடி வந்துவிட்டீர் என்று கஞ்சி கொடுத்தார். அது விதைக்கு வைத்திருந்த தினை என்பதைக் குடித்த பின்னரே அறிந்தோம். 

அங்கேயே தங்கிவிட வழியில்லை. மன்னர் நோயுற்றார் என்ற செய்தி வந்திருந்தது. மறுபடி வருகிறேன் என்றால் தூண் மறுபடி நமக்கே கட்டப்படும். கப்பல் ஏறும் வேளையில் எவர் வாயிலும் வரக்கூடாத முடிந்தது என்னும் அச்சொல்லை, அம்மையார் முகம் பாராமல் சொன்னோம். கயிற்றை அறுத்தார்கள். அரிசிக் கப்பல் உள்ளே வந்தது. நம் கப்பல் நகர்கையில் அம்மையார் நீரோரம் வந்து, துபாசியிடம் கேட்டறிந்த நம் தமிழில், தட்டுத்தடுமாறி, போய் வாருங்கள் என்றார். கரை மறையும்வரை கைகூப்பி நின்றோம். 

ஆகவே துறைநாயகர் செய்ய வேண்டுவது: நம் சொந்த நிலத்து விதைத்தினையைக் காற்று திரும்புமுன் கூரவத்துக்கு ஏற்றுக. சரக்கு இறங்கியதும் கப்பல் தூணை விட்டு விலகி, வெளிக்கடலில் நின்று விடைபெறுக. அங்கே நின்று சொல்லும் சொல்லுக்குக் கயிறில்லை என்று கேட்டறிந்தோம். போய் வருகிறேன் என்று கப்பல்தலைவன் உரக்கச் சொல்லட்டும். சொன்னபடி ஆண்டுதோறும் கப்பல் போகட்டும். நாம் இருப்பினும் இறப்பினும் இது தவறலாகாது.

இது நம் ஆணை. மீன்கொத்தி முத்திரை இட்டோம். சொன்னவன் இனிப் போக வழியில்லை; சொன்ன சொல்லாவது போய் வரட்டும்.