நாலாம் லைன் அழுமூஞ்சி

ஜூலை 7, திங்கள்

காலையில் முதல் வேலை: படுக்கையில் கிடந்தபடியே இரண்டு பேருக்குப் பாஸ்வேர்டு மாற்றிக் கொடுத்தது. ஸ்டோர்ஸில் ஒருவர், டெஸ்பாட்சில் ஒருவர். ஞாயிறு கழிந்தால் எல்லாருக்கும் மறந்துவிடும். அப்புறம்தான் பல் துலக்கினேன்.

இரவு மழை பெய்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. வாசல் ஈரம். குடியாத்தம் ஸ்டேஷனில் கூட்டம் குறைவு, ஜன்னல் ஓரம் கிடைத்தது. புதுக் கண்ணாடி இன்னும் பழகவில்லை. ஆம்பூரில் இறங்கும்போது பிளாட்பாரம் மேலே வருகிற மாதிரி இருந்தது.

ஷூ ஃபேக்டரியில் இன்று டேப்லெட் மாட்டும் நாள். தையல் பிரிவில் ஆறு லைன். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு ஸ்டாண்ட், அதில் ஒரு டேப்லெட். தைத்து முடித்த ட்ரேயின் சீட்டை அதற்குக் காட்டினால் கணக்கு ஏறும். இதுவரை சூப்பர்வைசர்கள் பேப்பரில் எழுதி மாலையில் என் அறைக்குக் கொண்டுவருவார்கள், நான் ஏற்றுவேன். இனி அது இல்லை. நிம்மதி, கொஞ்சம் வெறுமையும்.

மணிக்கு மணி டார்கெட். எட்டினால் திரையில் பச்சை முகம் சிரிக்கும். எட்டாவிட்டால் சிவப்பு முகம் அழும். கண்ணீர் சொட்டுவதுகூடத் தெரிகிறது.

சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து சென்னைக்கார அருண் வந்திருக்கிறார். லாட்ஜில் தங்கல், மூன்று வேளையும் பிரியாணி. "உங்க ஊர்ல காலைலயே பிரியாணி கிடைக்குது மேடம், நான் திரும்பிப் போக மாட்டேன்" என்கிறார். இருபத்தாறு வயது. செரிக்கும்.

வாங்க: புளி, கொசுவத்தி, இவருக்கு ஷேவிங் பிளேடு.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். ஏசி அறையை விட்டு வெளியே போக மனசில்லாத நாள், ஆனால் நாள் முழுக்க வெளியேதான். ஆறு லைனுக்கும் சொல்லிக் கொடுத்தது. எல்லாரும் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் பிள்ளைகள் வைத்திருக்கும் ஃபோனைவிட இது சுலபம்.

மூன்று மணிக்கு வித்யா கூப்பிட்டார். அருணின் மேலதிகாரி, நேரில் பார்த்ததில்லை. டேப்லெட் விஷயம் என்று நினைத்து நோட்டோடு உட்கார்ந்தேன்.

"செல்வி மேடம், ஓப்பனா கேக்கறேன். எங்க கூட வந்துடுங்களேன்."

ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை இவர்களிடம் சாஃப்ட்வேர் வாங்கும் ஷூ கம்பெனிகளுக்கெல்லாம் சப்போர்ட் பார்க்க ஆள் வேண்டுமாம். வீட்டிலிருந்தே வேலை. சம்பளம் இங்கே வாங்குவதைவிட நன்றாகவே ஜாஸ்தி. எனக்குக் கீழே இரண்டு பேர். அடுத்த திங்கள் மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"பாக்கறேங்க" என்றேன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அப்புறம் பார்கோடு லேபிளை ஒரே லாட்டுக்கு இரண்டு தடவை அச்சடித்துவிட்டேன்.

நாற்பத்து நான்கு வயதில் என்னையும் ஒருவர் தேடி வந்து கேட்கிறார். பதினேழு வருஷமாக இந்த ஃபேக்டரியில் ஐடி டிபார்ட்மென்ட் என்றால் நான், ஒரு மேஜை, ஒரு சர்வர். டிவி ரிமோட் ஓடவில்லை என்றாலும் நான்தான். யாரும் என்னைக் குறைவாக நடத்தியதில்லை. ஆனால் வா என்று கூப்பிட்டதும் இல்லை.

இரவு இவரிடம் சொன்னேன். தோசை ஊற்றிக்கொண்டிருந்தார், இன்று அவர் முறை.

"வூட்லயேவா? அப்போ அஞ்சர மணிக்கு எழுந்து ட்ரெயினுக்கு ஓட வேணாம்."

"ஆமா."

"இன்னா யோசிக்கிற?"

"தெரியல."

"தெரிஞ்சதும் சொல்லு. இது கொஞ்சம் கருகிடுச்சி, பரவால்லயா?"

சாப்பிட்டேன். பரவாயில்லை.

ஜூலை 9, புதன்

எல்லா லைனும் ஓடுகிறது. நாலாம் லைனில் மட்டும் காலையிலிருந்து சிவப்பு. ஷகிலா சூப்பர்வைசராக இருக்கும் லைன், எப்போதும் நல்ல லைன். இந்த வாரம்தான் புது பூட் ஸ்டைல் ஏற்றியிருக்கிறார்கள், துண்டு ஜாஸ்தி. மதியத்துக்கு மேல் கணக்கே ஏறவில்லை. சாயந்தரம் ஒரேயடியாக ஏறியது. நெட்வொர்க் என்று நினைக்கிறேன்.

மேனேஜர் பஷீர் சார் அறைக்கு வந்தார். "நாளைக்கு நீங்க வூட்ல இருந்து பாருங்க மேடம். எங்கருந்து வேணா பாக்கலாம்னு சொல்லித்தான் வித்தாங்க. பாப்போம், நெசமா பொய்யான்னு."

வித்யா விஷயம் அவருக்குத் தெரியாது. ஆனால் தெரிந்து சோதிப்பது மாதிரி இருந்தது. நல்லதுதான். நானும் ஒரு நாள் பார்த்துக்கொள்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

வீட்டிலிருந்து வேலை. எட்டு மணி வரை தூங்கியிருக்கலாம், அஞ்சரைக்கே விழிப்பு. சூடாக இட்லி, சட்னி. டிபன் பாக்ஸ் கட்டாத காலை. மொட்டைமாடிக் கொடியில் துணி உலர்த்திவிட்டு வந்து லாகின் செய்தேன். நைட்டிமேல் ஒரு துப்பட்டா. சுகம் என்றால் சுகம்.

ஒன்பதரைக்கு நாலாம் லைனில் பூஜ்யம். பத்தரைக்கும் பூஜ்யம். 'லைன் நின்றது' என்று எச்சரிக்கை. ஷகிலாவுக்கு ஃபோன்.

"லைன் நிக்குதா ஷகிலா?"

"இல்ல மேடம். ஓடிக்கினுதான் கீது."

"கணக்கு ஏறலையே."

"ஏறிடும் மேடம்."

"டேப்லெட்ல இன்னா தெரியுது?"

"நல்லாத்தான் மேடம் கீது."

நெட்வொர்க்கை நோண்டினேன். அருணும் அவர் பக்கம் நோண்டினார். வைஃபை பெட்டியை நானே இங்கிருந்து ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். அதில் ஒழுங்காக ஓடிய ஐந்து லைனும் அறுந்துபோய்த் திரும்பி வர அரை மணி. பஷீர் சார் திட்டவில்லை. "சரி மேடம், சரி மேடம்" என்றார், அது திட்டுவதைவிட மோசம்.

மதியம் வித்யாவுடன் வீடியோ கால். பின்னால் ஷெட்டில் இவருடைய நாலு பவர்லூம் தறி, லுங்கி ஓடுகிறது.

"மேடம், பக்கத்துல ட்ரெயின் போகுதா?"

"தறிங்க."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். சாத்தியும் பயனில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் தானாகவே நின்றது. கால் முடிந்து ஷெட்டுக்குப் போனால் இவர் நின்ற தறிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து ஃபோனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"கரண்ட் போச்சா?"

"இல்ல. நீ பேசினு இருந்தியே."

நாலு தறியும் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறது. நான் கேட்கவில்லை, அவரும் பெரிதாகச் சொல்லவில்லை.

ஒரு மணிக்கு நாலாம் லைனில் கணக்கு மொத்தமாக ஏறியது. மாலை ஐந்தரைக்கு மறுபடி மொத்தமாக. நடுவில் எல்லாம் பூஜ்யம். ஒன்றும் புரியவில்லை.

நாள் முழுக்க யாரும் என் மேஜைக்கு வந்து எதையும் காட்டவில்லை. வீட்டில் மேஜையே கிடையாது, கட்டில்.

ஜூலை 11, வெள்ளி

நேராக நாலாம் லைனுக்குப் போனேன், கைப்பையைக்கூட வைக்கவில்லை.

டேப்லெட்டுக்கு ஒரு திரை போட்டு மூடியிருக்கிறார்கள். லைனிங் தோலில், வேஸ்ட் துண்டு. ஓரம் மடித்து இரட்டைத் தையல். மேலே ஸ்டாண்டில் மாட்ட இரண்டு காது, கீழே தூக்கிப் பிடிக்க ஒரு சின்ன வளையம். அளவு ஒரு நூல் பிசகவில்லை. கடையில் விற்றால் நான் வாங்குவேன்.

"இது இன்னாது ஷகிலா?"

கோமளாதான் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள். பதினைந்து வருஷமாகத் தைப்பவள், யாருக்கும் பயப்படாதவள்.

"அந்த மூஞ்சி மேடம். எட்டர மணிக்கு உக்காந்தா ஒம்பதரைக்கே அழ ஆரம்பிச்சிடுது. எங்க வூட்டு ஆம்பளயே தேவல, அவரு சாயந்தரந்தான் மூஞ்ச தூக்கி வெச்சிக்குவாரு."

லைன் முழுக்கச் சிரிப்பு. ஷகிலாவும்.

அப்புறம் ஷகிலா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "புது ஸ்டைலு மேடம். மொத வாரம் கை வராது, உங்களுக்கே தெரியும். போறவன் வர்றவனெல்லாம் அந்த மூஞ்சிய பாத்துட்டு எங்க மூஞ்சிய பாக்கறான். அந்தப் பொண்ணு நிஷா ரெண்டு வாட்டி ஊசிய வெரல்ல ஏத்திக்கினா. அதான் மூடிட்டோம். சாப்பாட்டு நேரத்துல ஒரு வாட்டி தூக்கி எல்லா சீட்டையும் காட்டிடுவோம், சாயந்தரம் ஒரு வாட்டி."

"நேத்து ஃபோன்ல சொல்லியிருக்கலாமே."

"ஃபோன்ல எப்டி மேடம் சொல்றது? பக்கத்துல யாரு கீறாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

நியாயம்.

நேற்று நாள் முழுக்க நான் தேடியது நெட்வொர்க்கில் கிடைத்திருக்காது. எத்தனை திரையைத் திறந்து வைத்திருந்தாலும் இந்தத் தோல் துண்டு அதில் தெரியாது.

அருணைக் கூட்டிவந்து காட்டினேன். முகம் வாடிவிட்டது. "மேடம், இதுதான் எங்க பெஸ்ட் ஃபீச்சர். டெமோல எல்லாரும் கை தட்னாங்க."

"தைக்கிறவங்க யாராவது இருந்தாங்களா டெமோல?"

யோசித்தார். "இல்ல."

நல்ல மனசு, வாதாடவில்லை. முகத்தை எடுத்துவிட முடியுமா என்று உடனே தேட ஆரம்பித்தார். வித்யாவிடம் கேட்க வேண்டுமாம்.

ஒன்றே காலுக்கு வித்யாவே எனக்கு ஃபோன். பதற்றம். "மேடம், ஆறு லைனும் டவுன். அருண் ஃபோன் எடுக்கல. பவர் இல்லையா?"

"ஜும்மா தொழுகைங்க. ரெண்டரைக்குத்தான் லைன் ஓடும்."

"இன்னைக்கு மட்டுமா?"

"எல்லா வெள்ளிக்கிழமையும்."

"ஓ" என்றார். கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. அருண் பிரியாணிக் கடையில் இருந்தார்.

ஜூலை 12, சனி

வித்யா சரி என்றுவிட்டாராம், முகம் போய்விட்டது. இப்போது வெறும் எண், வெள்ளையில். புது ஸ்டைலுக்கு முதல் வாரம் டார்கெட் குறைவாகத் தொடங்கி ஏறும்படி நானும் அருணும் மாற்றினோம். பஷீர் சாருக்கு முதலில் மனசில்லை, முதலாளிக்குப் பிடித்த முகமாம். நிஷாவின் விரலில் போட்டிருந்த கட்டைக் காட்டினேன். "எடுத்துடுங்க மேடம். அவரு கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

நாலாம் லைன் தோல் திரையைக் கழற்றிவிட்டது. ஷகிலாவே கழற்றினாள். மணிக்கு மணி கணக்கு ஏறுகிறது. டார்கெட் எட்டவில்லை, அது அடுத்த வாரம் எட்டும், எல்லாருக்கும் தெரியும்.

அருண் ஊருக்குப் புறப்பட்டார். அந்தத் திரையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார், ஆபீசில் காட்டவாம். கோமளா: "தம்பி, ஆர்டர் இருந்தா சொல்லு. கலர் கலரா தெச்சித் தர்றோம்."

தலைவலி. கண்ணாடியா, வெயிலா. சுக்கு காபி.

ஜூலை 13, ஞாயிறு

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளியல். இவர் மீன் வாங்கி வந்தார், நான் குழம்பு. டெஸ்பாட்சிலிருந்து ஃபோன், பிரிண்டர். சாப்பிட்டுக்கொண்டே சொல்லிக் கொடுத்தேன்.

"நாளைக்குப் பதில் சொல்லணுமே" என்றார் இவர்.

"ஆமா."

"தறி சத்தம்தான் பேஜாருன்னா, நீ பேசற நேரத்துல நிறுத்திக்கலாம். இன்னா இப்போ."

அவர் அதை மனசாரச் சொன்னார். அதுதான் கஷ்டம். ஒரு நாளைக்கு மூன்று கால், நாலு கால். அவர் ஒவ்வொரு தடவையும் முக்காலியில் உட்கார்ந்திருப்பார், ஒரு வார்த்தை சொல்லாமல்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று மதியம் வரை இருந்தேன். வேண்டாம் என்றால் இந்த ஆறு லைன், என் அறை, ஜன்னல் ஓரம். நன்றாகத்தான் இருக்கும், இத்தனை நாளும் இருந்ததே. அப்புறம் துணி மடிக்கும்போது ஒரு யோசனை. வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் அந்த முகம் இன்னமும் அழுதுகொண்டிருக்கும். அங்கேயும் யாரோ ஃபோனில் "நல்லாத்தான் மேடம் கீது" என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

அயர்ன் பண்ண: நீலப் புடவை, இவர் வெள்ளைச் சட்டை.

ஜூலை 14, திங்கள்

பாஸ்வேர்டு யாரும் கேட்கவில்லை. அதிசயம். மேகம், காற்று, மழை இல்லை.

பிளாட்பாரத்தில் எழுதுகிறேன், வண்டி தாமதம். பக்கத்தில் இரண்டு பெண்கள் சீட்டுப் பணத்தைப் பற்றி, குரலைத் தாழ்த்தாமல்.

தீர்மானித்துவிட்டேன். போகிறேன். ஆனால் வித்யா கேட்ட வேலைக்கு இல்லை. வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பார்க்கும் வேலை வேண்டாம். எந்தக் கம்பெனியில் டேப்லெட் மாட்டினாலும் அதற்கு முன்னால் ஒரு வாரம், அதற்குப் பின்னால் ஒரு வாரம், தையல் லைனில் எனக்கு ஒரு நாற்காலி. அதைக் கேட்கப்போகிறேன். அவர்கள் யோசித்தே பார்க்காத வேலை, பெயர்கூட இருக்காது. வித்யா மாட்டேன் என்றால் நானும் மாட்டேன், எனக்கு நஷ்டமில்லை. சரி என்பார் என்றுதான் தோன்றுகிறது. வெள்ளிக்கிழமை நான் சொன்னதும் குறித்துக்கொண்ட அந்தக் கீபோர்டு சத்தம்.

மாலை வித்யாவிடம் சொல்லும்வரை யாருக்கும் சொல்லப்போவதில்லை, இவருக்கும். ஷகிலா காலையில் டீயோடு வருவாள், முகத்தைப் பார்த்தே கேட்பாள். அவளிடமிருந்து சாயந்தரம் வரை எப்படித் தப்பிப்பது என்றுதான் யோசனை. வண்டி வருகிறது.