கவட்டைக் கிளைகளோடு கடைக்குப் போனேன்

அன்புள்ள ‘என்னங்க’வுக்கு,

இங்கே நானும் மகளும் நலம். உங்கள் நலத்தையும் கையின் நலத்தையும் அறிய ஆவல். புண் முழுக்க ஆறிவிட்டதாக உங்கள் தம்பி எழுதியிருந்தார். மனம் குளிர்ந்தது. அதே கடிதத்தில், வண்டியையும் மரம் வெட்டும் ரம்பங்களையும் விற்றுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு நானும் மகளும் அவர் வீட்டுக்கே வந்துவிட வேண்டும் என்று நீங்கள் ஒற்றைக் காலில் நிற்பதாகவும் எழுதியிருந்தார். கையெழுத்து அவருடையது. வாசகமும் பாதி அவருடையதுதான் என்று எனக்குத் தெரியாதா? அடியில் இடது கையால் கோணலாக உங்கள் பெயரைப் போட்டிருந்தீர்களே, அது மட்டும்தான் உங்களுடையது. அதற்குத்தான் இந்தப் பதில்.

விற்க மாட்டேன். நேற்று கிளை அரைக்கும் மெஷினே, அந்தச் சிப்பர், வாங்கிவிட்டேன்.

கடிதத்தைத் தூக்கி எறியாமல் மேலே படியுங்கள். குப்பைக் கிடங்கில் இனி முழுக் கிளைகளை உள்ளே விடமாட்டார்களாம். அரைத்துக் கொண்டு வந்தால்தான் கதவு திறக்கும் என்று பலகை மாட்டிவிட்டார்கள். டாக்டரம்மா வீட்டில் வெட்டியதெல்லாம் நம் வாசலில் மலையாகக் கிடக்கிறது. மகள் குனிந்துதான் பள்ளிக்குக் கிளம்புகிறாள். ஒன்று அரைக்க வேண்டும், இல்லாவிட்டால் தொழிலை விட வேண்டும். வாடகைக்கு எடுத்தோமே, அந்தப் பெரிய மெஷின் இப்போதும் நம் தெரு வழியாகப் போகிறது. சத்தம் கேட்டாலே வாசல் கதவைச் சாத்திவிடுகிறேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “அண்ணன் வரலையா?” என்பதுதான். “நான்தாங்க ஓட்டப் போறேன், எனக்கே காட்டுங்க” என்றேன். ஒரு சின்ன கரண்ட் மெஷினைப் போட்டு, துடைப்பக் கட்டை மாதிரி நேரான, காய்ந்த கழி ஒன்றை விட்டார். நறநறவென்று தின்றது. “இது எந்த மரத்துலங்க வளருது?” என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

நானும் வெறுங்கையோடு போகவில்லை. வாசலில் கிடந்ததில் பச்சையாக, இலையோடு, நல்ல கவட்டைகளாகப் பொறுக்கிப் பதினைந்து கிளைகளை வண்டியில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். நான்கு மாதமாக என் கண்முன் நிற்பது ஒரே காட்சி. அந்த வாடகை மெஷினுக்குள் கவட்டை போகாமல் சிக்கியது, நீங்கள் கையால் அழுத்தித் தள்ளினீர்கள். மழை வருவதற்குள் முடித்துவிடலாம், சீக்கிரம் தள்ளுங்கள் என்று அவசரப்படுத்தியது நான். இதை யாரிடமும் சொன்னதில்லை. நீங்களும் யாரிடமும் சொல்லவில்லை என்பது உங்கள் தம்பி என்னோடு இன்னும் மரியாதையாகப் பேசுவதிலேயே தெரிகிறது.

கரண்ட் மெஷின் இரண்டாவது கவட்டையிலேயே இலை அடைத்துப் படுத்துவிட்டது. அடுத்தது எதைக் கொடுத்தாலும் விழுங்கும் ராட்சதன். ஆனால் டாக்டரம்மா வீட்டுப் பக்கச் சந்தின் அகலத்தை அளந்துகொண்டு போயிருந்தேன். மெஷின் ஒரு சாண் அகலம் அதிகம். பின்பக்கத்துக்குப் போகாத மெஷின் நமக்கு எதற்கு? மூன்றாவது, சின்ன பெட்ரோல் மெஷின். உருளை தானே கிளையை இழுத்துக்கொள்கிறது. கவட்டை சிக்கினால் நெம்புகோலைத் தள்ளினால் போதும், பின்னால் துப்பிவிடுகிறது. எஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு அதன் வாய்க்குள் தோள்வரை கையை நீட்டிப் பார்த்தேன். உருளை எட்டவில்லை. வாய் ஓரத்தில் சிவப்புக் கம்பி ஒன்று இருக்கிறது. இடுப்பால் இடித்தால் உருளை நின்றுவிடும். மிச்சமிருந்த பதின்மூன்று கிளைக்கும் பதின்மூன்று முறை இடித்து நிறுத்தினேன். “ஒரு தடவ நின்னா எல்லாத் தடவயும் நிக்கும்கா” என்று கடைக்காரர் கெஞ்சினார். அவருக்கென்ன தெரியும்? வேகம் கொஞ்சம் குறைவுதான். என் முழங்கையைவிடப் பருத்த கிளையை எடுக்காது. எனக்கு இனி எதிலும் அவசரம் இல்லை.

பெண்பிள்ளை மரம் ஏறினால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று உங்கள் தம்பி ஒரு வரி சேர்த்திருந்தார். சிரிக்கட்டும். சிரித்தவர்களில் ஒருவர், ஓட்டின் மேல் சாய்ந்த கிளையை வெட்ட எப்போது வருவாய் என்று மூன்று முறை ஆள் அனுப்பிவிட்டார். உங்கள் இடுப்புப் பட்டையில் புதிதாக மூன்று துளை போட்டு மாட்டிக்கொள்கிறேன். பட்டையில் இன்னும் உங்கள் வியர்வை வாசம் போகவில்லை. போகவும் வேண்டாம்.

மகள் வீட்டுப்பாடத்தை இடது கையால் எழுதிப் பழகுகிறாள். உங்களைவிடக் கோணலாகத்தான் வருகிறது.

நீங்கள் இங்கே வர வெட்கப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கை போனது உங்களுக்கு. கண்ணும் வாயுமா போயிற்று? மேலே நிற்கும்போது எந்தக் கிளை எந்தப் பக்கம் விழும் என்று கீழே இருந்து பார்த்துச் சொல்ல ஆளில்லை. கூலிக்கு வருகிறவர் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பதினெட்டு வருடம் மரத்தின்மேல் இருந்தவருக்குத்தான் அது தெரியும்.

சனிக்கிழமை காலை டாக்டரம்மா வீட்டுப் பெரிய மரத்தில் ஏறுகிறேன். வேண்டாம், நிறுத்து என்று உங்கள் தம்பியை விட்டு எத்தனை கடிதம் எழுதினாலும் கேட்கப் போவதில்லை. மரத்தடியில் வந்து நின்று, உங்கள் வாயால் ‘போதும், இறங்கு’ என்று சொல்லுங்கள். அந்த நிமிடமே இறங்கிவிடுகிறேன்.

என்றும் உங்கள்
‘இங்க பாரு’