பால் காய்ச்சியதில் பொங்கிப்போன காப்புரிமை

பட்டினப்பாக்கம்

அன்புள்ள மகள் ஜான்சிக்கு அப்பா ராபர்ட் எழுதுவது, அதாவது அவர் சொல்லச் சொல்ல உன் தங்கை ப்ளெஸ்ஸி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், டிரம்முக்குள் இருக்கும் கிருமிகள் உட்பட. டெல்லிக் குளிரில் உன் காப்புரிமை வக்கீல் ஆபீசுக்குக் காதை மூடிக்கொண்டு போ என்கிறார் அப்பா. நாங்கள் மூட வேண்டியது வாயை, அதுதான் முடியவில்லை.

கழிமுகச் சேற்றுக் கிருமிகளுக்கு அம்மா கடையில் மிஞ்சும் மீன் குடலைத் தீனியாகப் போட்டு அப்பா டிரம்மில் அடுப்பெரிக்கும் வாயு எடுக்கிறாரே, அதற்குக் காப்புரிமை கிடைக்குமா என்று கேட்டதற்கு நீ போனில் சொன்னாய் அல்லவா அக்கா, சேற்றில் தானாக இருக்கும் கிருமிக்கு யாரும் உரிமை கேட்க முடியாது, அப்பாவின் முறை புதிதாக இருந்தால் கேட்கலாம், ஆனால் விண்ணப்பம் போடும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்று. அப்பா விடவில்லை. டிரம்மின்மேல் வலையைப் போர்த்தி, கேட்டவர்களிடம் கருவாடு ஊறுது என்றார். வாசனையும் ஒத்துழைத்தது. அம்மாவிடம் மட்டும் சொல்ல மறந்துவிட்டோம். புது அடுப்புக்குப் பால் காய்ச்ச வேண்டாமா என்று அவள் தெருவையே கூப்பிட்டுவிட்டாள். பால் பொங்கியது, கூடவே அப்பாவும். எதிர்வீட்டு கோவிந்தம்மா அத்தை, இன்னா ராபர்ட்டு, சிலிண்டரே இல்லாம எரியுது, உன் வயித்துலேர்ந்து டியூப் போட்டுக்கினியா என்று கேட்டதுதான் தாமதம், அப்பாவுக்கு ரோஷம் வந்து, சேறு எடுத்த இடத்திலிருந்து சாம்பல் கலக்கும் பக்குவம்வரை ஒப்பித்தார். பக்கத்து வீட்டு காஷிஃப் அதை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டுவிட்டான். அதைப் பார்த்துத் தெருவெல்லாம் டிரம் வைத்துவிட்டார்கள். இப்போது தயிருக்கு உறை கேட்பதுபோல் ஆளாளுக்குச் சொம்போடு வந்து, அண்ணே, கொஞ்சம் டிரம்முத் தண்ணி குடுண்ணே, எங்கூட்டுது தூங்கிக்கினு கீது என்கிறார்கள். அப்பா திட்டிக்கொண்டே ஊற்றுகிறார், அவரே போய்க் குழாயும் மாட்டிவிடுகிறார்.

இனி அந்த முறையைப் புதிது என்று சொல்ல முடியுமா, உண்மையைச் சொல். ரேஷன் கார்டைத் தவிர எந்த அரசாங்கக் காகிதத்திலும் அவர் பெயர் வந்ததில்லை. சில நாளாகச் சரியாகச் சாப்பிடவே இல்லை. நேற்றுதான் இரண்டாவது முறை சோறு கேட்டார், ஏனென்றால் டிரம் நாற்றமே இல்லாமல் வாயு தருகிறது. என்ன செய்தார் என்று எனக்கும் சொல்லவில்லை. வாட்ஸப்பை நம்பாமல்தான் இந்தக் கடிதம். லீவு போட்டு வந்து இந்தப் புது முறைக்காவது விண்ணப்பத்தை நீயே எழுது.

இத்துடன் அனுப்பும் கருவாட்டுப் பொட்டலத்தை ஆபீசில் பிரிக்காதே. மாதா உன்னைக் காப்பாள். அம்மாவிடம் போனில் மூச்சு விடாதே. நாற்றம் எங்கே போனது என்று மூக்கைத் தூக்கிக்கொண்டு டிரம்மைச் சுற்றி வருகிறாள், கையில் பால் பாக்கெட்டோடு.

ஆசீர்வாதங்களுடன்,
அப்பா ராபர்ட்
(கையெழுத்து அவருடையது, கொழுப்பு என்னுடையது.)